ரக்பி ஆடுகிற பிள்ளை... வீட்டில் ஒரு நாய்... அம்மா எதற்குப் பயப்படணும்?

ஆழ்வார்பேட்டையில் ஒரு பையன் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதே பையன் முட்டை வடிவப் பந்து ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனால் போச்சு! "உங்க பையன் ஏதோ அடிதடி விளையாட்டுக்குப் போறானாமே... பார்த்துக்கோங்க!" என்று எதிர்வீட்டு மாமி வந்து சொல்லிவிட்டுப் போவார். கூடவே வீட்டில் ஒரு நாயும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "முடி கொட்டும், ஆஸ்துமா வரும், குழந்தைங்க இருக்கிற ஃபிளாட்" என்று அசோசியேஷன் கூட்டம் முழுக்க அதே பேச்சுதான்.

என்னைக் கேட்டால், ரக்பி தாராளமாக ஆடட்டும், நாயும் வளர்க்கட்டும். ஆனால் இந்த இரண்டிலும் நம் வீடுகள் பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டாததற்குப் பயந்து நடுங்குகின்றன. முப்பது வருஷமாக நாடி பிடித்துப் பார்த்ததில் நான் கண்டது இது.

என்னிடம் வருகிற ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்கள். எல்டாம்ஸ் ரோடு பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட். பையனுக்கு இருபத்திரண்டு வயது, ரக்பி பைத்தியம். வளர்ப்பது சிப்பிப்பாறை நாய்! வயல்காட்டில் முயலைத் துரத்தப் பிறந்த ஜாதியை மூன்றாவது மாடியில் வைத்திருக்கிறார்கள். "இது நாயத்துக்கு அடுக்குமா?" என்று நான் கிண்டல் பண்ணினேன். "அதான் டாக்டர், அது ஓடணும்னே நானும் அஞ்சு மணிக்கு எழுந்து ஓடறேன்" என்றான். எந்த லேகியமும் இந்தக் காலத்து இளைஞனை ஐந்து மணிக்கு எழுப்பாது. நாய் எழுப்புகிறது. நல்ல வைத்தியர்தான்!

ரக்பி நம் ஊருக்கு அந்நியம் என்று நினைக்காதீர்கள். 1878-ல் கல்கத்தாவில் ஒரு ரக்பி கிளப்பைக் கலைத்தபோது, மிச்சமிருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். மூடியில் யானை, கைப்பிடிகளாக மூன்று நாகப்பாம்பு! இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷாவருஷம் மல்லுக்கட்டுவது இன்றும் அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான். 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் ஜெயித்தது யார் தெரியுமோ? நம்ம 'சென்னை புல்ஸ்' அணி. ஏழு பேர் ஆடும் ரக்பி 2016 முதல் ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. பாதிக்கு ஏழு நிமிஷம், மொத்தம் பதினாலே நிமிஷம். ஆனால் அந்தப் பதினாலு நிமிஷத்தில் உடம்பு படும் பாடு இருக்கிறதே... அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வீட்டில் முதல் சண்டை ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குக் காலை ஆராதனைக்குப் பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளைக்கு மேட்ச். "நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்று பஞ்சாயத்து என்னிடம் வந்தது. நான் அந்த மதத்துக்காரன் இல்லை, வேதம் தெரியாது. ஆனால் இரண்டு பேர் கதை தெரியும். ஸ்காட்லாந்துக்காக ஏழு முறை ரக்பி ஆடிய எரிக் லிடல், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதி ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மாட்டேன் என்றார். பிறகு 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். நியூசிலாந்தின் மைக்கேல் ஜோன்ஸ் 1991 உலகக் கோப்பை அரை இறுதிக்கே வரவில்லை. அன்று ஞாயிறு. அவர் அணி ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. ஆனாலும் அவர் பேர் கெடவில்லை.

தம்பி அவர்களைப் போல இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மேட்ச் முடிந்து சாயங்கால ஆராதனைக்குப் போகட்டும், அது அம்மாவும் பிள்ளையும் பேசித் தீர்க்க வேண்டியது. என் கவலை வேறு. அவன் ஏழு நாளும் பயிற்சி செய்துகொண்டிருந்தான்! தசை வளர்வது பயிற்சியின்போது அல்ல, ஓய்வில்தான். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு என்று அவன் அம்மாவின் வேதம் சொன்னால், என் வைத்தியமும் அதையேதான் சொல்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

ஒரு சனிக்கிழமை மேட்சில் எதிராளியின் முழங்கால் இவன் நெற்றிப்பொட்டில் மோதியது. மயக்கம் இல்லை, ரத்தம் இல்லை. எழுந்து மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தான். மறுநாள் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பினான். அரை மணி கழித்து மறுபடியும் சங்கிலியை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கிறான்! "இப்பத்தானேடா போயிட்டு வந்தே?" என்று அம்மா கேட்க, அவன் முழித்திருக்கிறான். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். திங்கட்கிழமை என்னிடம் வந்தது எதற்கு? "லேசா தலைவலின்றான், ஒரு தைலம் குடுங்க டாக்டர்!"

நான் தைலம் கொடுக்கவில்லை. நேரே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன்.

தலையில் அடிபட்டு மூளை உள்ளே குலுங்குவதற்கு மயக்கம் வர வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஞாபகம் தடுமாறுவது, மந்தமாக இருப்பது, வெளிச்சம் கண்ணைக் கூசுவது, காரணமில்லாத எரிச்சல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது... இதெல்லாம் அடையாளம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே, அடுத்த வாரம் ஆடலாமா?" என்றார் அப்பா. ஆடக்கூடாது! ஸ்கேன் காட்டுவது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும்தான். குலுங்கிய மூளை ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. அது ஆறுவதற்கு முன் இன்னொரு அடி பட்டால் சின்ன வயசு மூளை திடீரென்று வீங்கிவிடும். 2011-ல் வட அயர்லாந்தில் பென் ராபின்சன் என்ற 14 வயதுப் பையன் இப்படித்தான் போனான். ஒரே பள்ளி ஆட்டத்தில் தலையில் அடிபட்டும் திரும்பத் திரும்ப ஆடவிட்டார்கள். இங்கிலாந்து 2003-ல் உலகக் கோப்பை வென்றபோது ஆடிய ஸ்டீவ் தாம்ப்சன், நாற்பத்திரண்டு வயதில் தனக்கு மறதி நோய் என்று 2020-ல் வெளியே சொன்னார். அந்தக் கோப்பையை வென்றதே அவருக்கு ஞாபகம் இல்லையாம்.

தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரர் வெளியேற வேண்டும், அன்று திரும்பி ஆடக்கூடாது என்று சர்வதேச ரக்பி அமைப்பே சொல்கிறது. அதன்பிறகும் வாரக் கணக்கில் ஓய்வு, படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். வாந்தி, தாங்காத தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், ஒரு கண்பாவை பெரிசாகத் தெரிவது, வலிப்பு, கை கால் மரத்துப்போவது - இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி. வர்மத்தில் மயங்கினவரைத் தெளியவைக்கும் இளக்குமுறை உண்டு, நானும் கற்றவன்தான். இருந்தாலும் சொல்கிறேன், என்னைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அப்புறம் முழங்கால். 'பட்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கினால், அது பெரும்பாலும் உள்ளே ஜவ்வு கிழிந்த சேதி. இப்போது நம் வீடுகளில் நடப்பது என்ன? அன்றைக்கே ஒரு கட்டு வைத்தியரிடம் ஓடி, எண்ணெய் போட்டு அழுத்தி உருவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிடுவார்கள். இது தப்பு. முதல் இரண்டு மூன்று நாள் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், மிதமான கட்டு, காலை உயர்த்தி வைப்பது. அவ்வளவுதான். உருவவே கூடாது. எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. பார்த்து என்னவென்று தெரிந்த பிறகு, வீக்கம் வடிந்த பிறகு எங்களிடம் வாருங்கள். காயத்திருமேனித் தைலத்துக்கும் ஒற்றடத்துக்கும் அப்போது வேலை இருக்கிறது. இதைச் சொல்வதால் எங்கள் ஆட்களில் சிலர் என்மேல் கோபப்படுகிறார்கள். படட்டும்.

நாய் விஷயம் இதைவிட மோசம். சிப்பிப்பாறையைத் தெருநாய்கள் இரண்டு சூழ்ந்துகொண்டன. இவன் நடுவில் பாய்ந்து விலக்கினான். ரக்பி ஆடுகிறவன் அல்லவா! கணுக்காலில் ஒரு கோடு, அதில் பொட்டு ரத்தம். பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டார். "கடிக்கலை டாக்டர், நகம்தான். நம்ம நாய்க்கு வருஷாவருஷம் ஊசி போட்டாச்சே!" என்றான் மூன்றாம் நாள், வேறு எதற்கோ வந்தபோது. உங்கள் நாய்க்குப் போட்டிருக்கிறீர்கள் தம்பி... கீறியது எந்த நாய்?

வெறிநோய்க் கிருமி எச்சிலில் இருக்கிறது. நாய் தன் பாதத்தை நக்குகிறது, நகத்தால் கீறுகிறது. கடியானாலும் கீறலானாலும் முதல் வேலை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுவது. கடிகாரம் பார்த்து! மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கட்டும் போடாதீர்கள். அடுத்த வேலை தடுப்பூசி. ஆழ்வார்பேட்டைக்காரர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை எட்டும் தூரம்தான். அரசு மருத்துவமனையில் இந்த ஊசிக்குக் காசும் கிடையாது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பழைய பயம் இன்னும் பல பேருக்கு இருக்கிறது. அது ஒழிந்து வருஷக்கணக்கு ஆகிறது, இப்போது கையில்தான். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாள். ரத்தம் எட்டிப்பார்த்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் சேரும். 'மூணு நாள் ஆயிடுச்சே, இனி என்ன' என்று விடவும் கூடாது. போகாததைவிடத் தாமதமாகப் போவது நல்லது. நான் அனுப்பினேன், போனான். நான்கு ஊசியும் முடித்தான்.

பாளையங்கோட்டையில் படித்தவன், சித்த மருத்துவத்தில் சோறு சாப்பிடுகிறவன் சொல்கிறேன்: வெறிநாய்க்கடிக்கு என் அலமாரியில் மருந்து கிடையாது. நோய்க்குறி தோன்றிவிட்டால் எந்த வைத்திய முறையிலும் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். லூயி பாஸ்டர் 1885-ல் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார். குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-லேயே வந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ஒருத்தர் 'பச்சிலைச் சாறு மூணு வேளை குடிச்சா போதும்' என்று சொன்னால், அவர் என் கல்லூரித் தோழரே ஆனாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாகச் சாப்பாடு. லெந்து நாட்களில் அந்த வீட்டில் கறி மீன் கிடையாது. பையனும் விரதம் விடமாட்டான். அது அவன் விசுவாசம், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதே மாதங்களில்தான் சென்னையில் வெயில் ஏறுகிறது, பயிற்சியும் நடக்கிறது. "சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டா தசை கரையும் தம்பி" என்றேன். ஊறவைத்த கொண்டைக்கடலை, பாசிப்பயறு, வேர்க்கடலை, பனங்கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, வாரத்தில் இரண்டு நாள் பிரண்டைத் துவையல், பயிற்சிக்குப் பிறகு உப்புப் போட்ட நீர்மோர். உளுந்தங்களி என்றதும் பாட்டி முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

யாரோ ஒருவர் 'உடம்பு தேற நாட்டு மருந்து' என்று லேபிள் இல்லாத டப்பாவில் ஒரு சூரணமும் கொடுத்திருந்தார். அதைக் குப்பையில் போடச் சொன்னேன். சில இடங்களில் இப்படிப் பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலக்கிறார்கள். பத்து நாளில் பசி எடுக்கும், முகம் உப்பும், 'மருந்து வேலை செய்யுது' என்று சந்தோஷப்படுவீர்கள். பிறகு சர்க்கரை, எலும்புத் தேய்வு என்று வரிசையாக வரும். ஆட்டக்காரருக்கு இன்னொரு ஆபத்து. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் 'எனக்குத் தெரியாமல் கலந்துவிட்டார்கள்' என்று சொல்லித் தப்புவது கஷ்டம். உடம்புக்குள் போனதற்கு ஆட்டக்காரர்தான் பொறுப்பு. உரிம எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் தயாரித்த தேதியும் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள். நான் கொடுப்பதானாலும் கேட்டு வாங்குங்கள்.

நாய்க்கும் ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த வீட்டில் பிளம் கேக்கும் பிரியாணியும் அமர்க்களப்படும். பாசத்தில் நாய்க்கும் ஒரு துண்டு போடுவார்கள். உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கொஞ்சமே ஆனாலும் சில நாய்களுக்குப் பெரிய ஆபத்து. சாக்லேட், வெங்காயமும் ஆகாது. வெந்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். இதை நான் சொன்னதும் அந்த அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டார். "போன வருஷம் அதுக்கு வயித்தால போச்சே டாக்டர், நாங்க பட்டாசு சத்தத்துக்குப் பயந்துடுச்சுன்னுல்ல நினைச்சோம்!"