காண்க, மேலும் காண்க

சென்ற இதழில் நண்பர் ஒருவர் நூலகங்களின் பொருள் தலைப்புகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். சொல்லைக் கூண்டில் அடைப்பது, குமாஸ்தாவின் வன்முறை, சிருஷ்டிக்கு விரோதமான காரியம் என்றெல்லாம் அதில் இருந்தது. வாசிக்க நன்றாகவே இருந்தது. நண்பர் தம் வாழ்நாளில் ஒரு கேட்லாக் இழுப்பறையையாவது கடைசி கார்டு வரை புரட்டிப் பார்த்திருப்பாரா என்ற சந்தேகம் மட்டும் எனக்குக் கடைசி வரை தீரவில்லை.

வன்முறை இல்லை என்று சொல்ல வரவில்லை. உண்டு. அதை நிரூபிக்கக் கவித்துவம் தேவையில்லை, பெயர்களே போதும். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1898ல் கட்டத் தொடங்கிய பொருள் தலைப்புப் பட்டியல்தான் இன்று பாதி உலகத்தின் நூலகங்களுக்குச் சொல் கொடுக்கிறது. ஸான்ஃபோர்ட் பெர்மன் என்ற அமெரிக்க நூலகர் ஸாம்பியாவில் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தபோது, அங்கே ‘காஃபிர்கள்’ என்ற தலைப்பு அமெரிக்கப் பட்டியலிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டார். அந்த மண்ணில் அது கறுப்பு மனிதனின் முகத்தில் துப்புகிற சொல். அந்த மனிதனே அந்த நூலகத்தின் வாசகன். பெர்மன் 1971ல் புத்தகமாகவே எழுதித் தலைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து உரித்துக் காட்டினார். ‘சட்டவிரோத அந்நியர்’ என்ற தலைப்பை மாற்றச் சொல்லி டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் 2014ல் கேட்டார்கள். 2016ல் நூலகம் சம்மதித்தது. உடனே பாராளுமன்ற அங்கத்தினர்கள் குறுக்கே வந்து விழுந்தார்கள். 2021ல்தான் அது ‘குடிமக்கள் அல்லாதோர்’, ‘சட்டவிரோதக் குடியேற்றம்’ என்று இரண்டாகப் பிரிந்தது. ஒரு கார்டின் தலையில் இருக்கும் இரண்டு சொல்லுக்காக ஒரு தேசத்தின் சட்டசபை கூச்சல் போட்டிருக்கிறது. நம் நண்பர் அதைக் ‘குமாஸ்தா விவகாரம்’ என்கிறார்.

ஆனால் இதிலிருந்து அவர் வந்து சேரும் இடம்தான் எனக்குச் சம்மதமில்லை. தலைப்புகளே வேண்டாம், சொல்லைச் சுதந்திரமாக விடு, இப்போதுதான் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, எந்தச் சொல்லைத் தட்டினாலும் கொண்டுவந்து கொட்டுமே என்கிறார். எங்கே, தட்டிப் பாருங்கள். ஜல்லிக்கட்டு என்று ஒருவர் எழுதுகிறார். கிரந்தம் ஒவ்வாதவர் சல்லிக்கட்டு என்கிறார். பண்டிதர் ஏறுதழுவுதல் என்கிறார். சிவகங்கைப் பக்கத்துக்காரன் மஞ்சுவிரட்டு என்கிறான், அது வேறு என்றும் வாதிடுகிறான், அவன் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நான்கு சொல், நான்கு தனித்தனிக் குவியல். ஒரு குவியலில் கை விட்டவனுக்கு மற்ற மூன்று இருப்பதே தெரியாது. ஒற்று மிகுந்தால் ஒரு புதுமைப்பித்தன், மிகாவிட்டால் இன்னொருவர், ரோமன் எழுத்தில் மூன்றாமவர். இதற்குப் பெயர் சுதந்திரம் என்றால் சந்தைக்கூட்டத்தில் தொலைந்த குழந்தையும் சுதந்திரமாகத்தான் இருக்கிறது.

கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதி என்று நூலகத்துக்காரர்கள் சொல்வது இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. நான்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார்கள். மற்ற மூன்றையும் அழித்துவிடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு போட்டு, ‘ஜல்லிக்கட்டு காண்க’ என்று எழுதிவைக்கிறார்கள். மஞ்சுவிரட்டு வேறுதான் என்று முடிவானால் ‘மேலும் காண்க’. எந்தச் சொல்லை மேலே வைப்பது என்பதில் அரசியல் உண்டு. ஏறுதழுவுதலைத் தலைப்பாக்கினால் அது ஒரு கட்சி, ஜல்லிக்கட்டை ஆக்கினால் இன்னொரு கட்சி. ஆனால் எந்தக் கட்சி என்பது கார்டிலேயே எழுதியிருக்கிறது, யாரும் படிக்கலாம், சண்டை போடலாம், மாற்றலாம். பெர்மன் சண்டை போட முடிந்ததும் அதனால்தான். அச்சில் வந்த பட்டியல் இல்லாவிட்டால் அவர் எதை எதிர்த்திருப்பார்?

நம் விமர்சனத்துக்கு வாருங்கள். தரிசனம், யதார்த்தம், உன்னதம், அனுபவ வெளிப்பாடு. இருபது வருஷமாக இவற்றைப் புழங்குகிறோம். ஒருவர் ‘யதார்த்தம்’ என்று சொல்வது இன்னொருவரின் வசைச் சொல். எங்கே ‘காண்க’? எங்கே ‘மேலும் காண்க’? புத்தகத்தின் மேல் தலைப்பு ஒட்டுவதில் நம்மைவிடத் தாராளமான குமாஸ்தா எந்த நூலகத்திலும் இல்லை. என்ன, நாம் பட்டியலை வெளியிடுவதில்லை.

ரங்கநாதனைப் பற்றி நம் வட்டத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை. சீர்காழியில் 1892ல் பிறந்த கணித ஆசிரியர், 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகள் விதவிதமாகச் சேர்வதைப் பார்த்துத் தம் பகுப்புமுறைக்கு யோசனை பெற்றவர். அந்தக் கோலன் பகுப்புமுறை 1933ல் வெளியாயிற்று. அதற்கு முன் இருந்த ட்யூயி முறையில் அறிவு முழுவதற்கும் பத்து அறைகள், புதிதாக எது வந்தாலும் ஓர் அறையில் நெருக்கி உட்காரவேண்டும். தமிழ் இலக்கியம் அதில் 894.811. துருக்கி, ஹங்கேரி, ஃபின்லாந்து மொழிகளோடு ஒரே அலமாரி. (எனக்கு ஆட்சேபணை இல்லை. நம்மில் பலர் ஃபின்லாந்துக்காரர்களைப் போல எழுத ஆசைப்பட்டவர்கள்தாம்.) ரங்கநாதன் அறைகளை உடைத்துத் துண்டுகளாக்கினார். இலக்கியத்துக்கு ஆங்கில ஓ. தமிழுக்கு 31. கவிதைக்கு 1, புனைகதைக்கு 3. பிறகு ஆசிரியர். ஆசிரியரை அவர் பெயரால் குறிக்கவில்லை, பிறந்த வருஷத்தால் குறித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு எம், இருபதுக்கு என். பாரதி எம்82. புதுமைப்பித்தன் என்06. அந்தக் காலத்து அமெரிக்க விதிகள் இயற்பெயரைத் தேடிக்கொண்டு புதுமைப்பித்தனை விருத்தாசலத்துக்குள் ஒளித்துவைக்கச் சொன்னபோது, இவர் பெயர்ச் சண்டையே வேண்டாம், எப்போது பிறந்தாய் சொல் என்றார். க.நா.சு.வும் சி.சு. செல்லப்பாவும் பிறந்தது 1912. ரசனையா அலசலா என்று ஆயுள் முழுக்க எதிரெதிராக நின்ற இருவரும் புனைகதை அலமாரியில் ஒரே என்12. பிரித்துக்காட்ட இன்னொரு குறியைத் தேடிச் சேர்த்தாக வேண்டும். விமர்சன வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் இவ்வளவு துணிந்ததில்லை.

ரங்கநாதனிடமும் எனக்குக் குறை உண்டு. மொழி, உருவம், ஆசிரியர், நூல். இலக்கியத்துக்கு அவர் கேட்ட கேள்விகள் அத்தோடு நின்றுவிடுகின்றன. எதைப் பற்றி என்ற கேள்வியே இல்லை. காங்கிரஸ் நூலகமும் அப்படித்தான். ஒரு தனி நாவலுக்குப் பொருள் தலைப்புக் கிடையாது என்பது அங்கே நெடுங்காலம் விதி. சரித்திரக் கதை, வாழ்க்கை வரலாற்றுக் கதை, விலங்குக் கதை இம்மூன்றுக்குத்தான் விலக்கு. ஆக 2017ல் மெரினாவில் கூட்டம் கூடியதைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரை நூல் ‘ஜல்லிக்கட்டு’ தலைப்பின் கீழ் கிடைக்கும். செல்லப்பாவின் வாடிவாசல் கிடைக்காது, காரிக் காளையை முன்னிட்டு யாராவது அதை விலங்குக் கதை என்று கருதினால் ஒழிய.

இதைக் கேட்டு நம் ஆட்கள் சந்தோஷப்பட வேண்டும். எந்தப் படைப்பும் எதைப் பற்றியும் அல்ல, அது தானே ஆகி நிற்பது என்று எத்தனை இதழ்களில் எழுதினோம்! நானும் எழுதியிருக்கிறேன். கருத்து என்ன, செய்தி என்ன என்று கேட்ட முற்போக்குக்காரர்களிடமும் பண்டிதர்களிடமும் தொண்டை வறளக் கத்தினோம். நாம் ஜெயித்தோமோ இல்லையோ, நூலகம் நமக்கு முன்பே நம் கட்சியில் இருந்திருக்கிறது. அந்த வெற்றி அலமாரியில் எப்படி இருக்கும் என்பதை நான் ஒருமுறை பார்த்தேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு ஜில்லாத் தலைநகர நூலகத்தில் காலமான ஒரு நண்பரின் கவிதைத் தொகுதியைத் தேடினேன். அவர் போட்டது ஒரே புத்தகம், முன்னூறு பிரதி. கவிதை அலமாரியில் இல்லை. ஆசிரியர் கார்டைப் பார்த்தால் எண் 631 என்று தொடங்கியது. விவசாயம். தலைப்பில் கிணறு என்ற சொல் இருந்ததுதான் காரணம். நூலகர் அம்மாள் மிகவும் வெட்கப்பட்டார். நான் சிரித்துக்கொண்டேதான் உரமிடுதலுக்கும் பம்ப்செட்டுக்கும் நடுவிலிருந்து அதை உருவினேன். பிறகு கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டைப் பார்த்தேன். பதினோரு முத்திரை. பதினோரு பேர் அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். திரும்பக் கவிதை அலமாரிக்குப் போய் நம்மவர்கள் புத்தகங்களை வரிசையாகத் திறந்து பார்த்தேன், என்னுடையதையும் சேர்த்து. சீட்டுகள் வெள்ளையாக இருந்தன. ஒன்றில் இரண்டு முத்திரை, அதில் ஒன்று நான் எடுத்தது.

அந்தப் பதினோரு பேரும் ஏமாந்து திருப்பிக் கொடுத்தவர்கள் என்று சொல்லிவிடலாம். முதல் ஆளுக்கு அது பொருந்தலாம். ஒரு பக்கத்தில், ஊற்று வற்றிய கிணற்றைப் பற்றிய கவிதைக்குப் பக்கத்தில், யாரோ பென்சிலால் அடி ஆழத்தைக் கணக்குப் போட்டு, கூட்டல் தவறி, அடித்திருந்தார்கள். தூர் வாருவதற்குக் கணக்குப் போட்டவரா, கவிதையோடு பேசியவரா தெரியாது. கிணற்றைப் பற்றிய கவிதை கிணற்றைப் பற்றியது அல்ல என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

ஆகவே நண்பருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கூண்டை உடைக்கச் சொல்லாதீர்கள், நம் புத்தகங்களுக்கு இன்னும் இரண்டு கார்டு கேளுங்கள். கவிதை என்றும் இருக்கட்டும், கிணறு என்றும் இருக்கட்டும். நாவல் எதைப் பற்றியது என்று சொல்ல நூலகர் பயப்படுகிறார் என்றால், படித்திருக்கிற நாம் போய்ச் சொல்லலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அன்று அந்த அம்மாள் எண்ணைத் திருத்திவிடட்டுமா என்று கேட்டார். திருத்துங்கள், ஆனால் விவசாயத்திலும் ஒரு ‘மேலும் காண்க’ கார்டு போட்டுவையுங்கள், அதற்கு 1934லேயே ரங்கநாதன் விதி எழுதியிருக்கிறார் என்று நான் கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன்.

“விதி இருக்கு சார். கார்டுதான் ஸ்டாக் இல்லை” என்றார்.