பொய்ப் படத்தை நம்பி ரெயில் ஏறினார்கள்!

2023 மார்ச் முதல் வாரம். கோவை ரெயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளுடன் வடமாநிலத் தொழிலாளர்கள் குவிந்தார்கள். ஹோலி பண்டிகைக்குப் போகிறவர்கள் சிலர். உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் சிலர்!

என்ன பயம்? "தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள்" என்று செல்போனில் சுற்றிய வீடியோ படங்கள்தான்.

அத்தனையும் டூப்பு! அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு உண்மையைப் போட்டு உடைத்தார். ஒரு படம், திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரு கோஷ்டியாக மோதியது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. இரண்டும் பழைய சங்கதி.

எங்கோ இருந்து எவனோ கொளுத்திப் போட்டான். தவித்தது இங்கே பவுண்டரியும் பனியன் கம்பெனியும். கூலியை விட்டுவிட்டு ஓடியவன் ஏழைத் தொழிலாளி.

பொய்யைத் துப்பறிந்தவர்

இந்தப் படங்களைத் துருவிப் பார்த்தவர்களில் ஒருவர் முகமது சுபைர். முன்பு செல்போன் கம்பெனி என்ஜினீயர். இப்போது பொய்ச் செய்திகளைக் கண்டுபிடிக்கும் "ஆல்ட் நியூஸ்" நிறுவனர்களில் ஒருவர். இவர்கள் வேலையில் மந்திரம் இல்லை. வீடியோவைத் தனித்தனிப் படமாகப் பிரிப்பார்கள். அது முன்பு எங்கே வந்தது என்று தேடுவார்கள். அந்த ஊர் போலீசைக் கேட்பார்கள். அவ்வளவுதான். பொறுமைதான் முதலீடு.

2024 குடியரசு தினத்தன்று அவருக்குத் தமிழக அரசு கோட்டை அமீர் விருது கொடுத்தது. மத ஒற்றுமைக்காக உயிர் கொடுத்த கோவைக்காரர் பெயரில் உள்ள விருது அது. கோவையின் மானம் காத்தவருக்குக் கோவைக்காரர் பெயரிலேயே மரியாதை. பொருத்தம்தான்!

விருது மட்டும் போதுமா?

போதாது. 2018 மே மாதம், "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்ற வதந்தியால் போளூர் அருகே ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். சென்னையில் இருந்து கோவிலுக்கு வந்தவர். துப்பறிந்து சொல்வதற்குள் உயிர் போய்விட்டது.

2023-ல் பயத்தை அடக்கியது எது? அதிகாரிகளும் போலீசாரும் தொழிலாளர்கள் தங்கும் இடங்களுக்கே போய் இந்தியில் பேசினார்கள். பீகாரில் இருந்தும் அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. வதந்தி இந்தியில் வந்தது. தமிழில் மட்டும் மறுப்பு விட்டால் அவர்கள் காதில் ஏறுமா?

ஆகவே ஒவ்வொரு மில்லிலும் பட்டறையிலும், தொழிலாளர் பாஷை தெரிந்த, அவர்கள் நம்பும் ஆள் ஒருவரை முதலாளிகள் இப்போதே வைத்துக்கொள்ள வேண்டும். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டக் கூடாது.

மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. கொங்குச் சீமையில் யார் எதைச் சொன்னாலும், "நெசமுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். செல்போனில் படம் வந்தாலும் அதைக் கேளுங்க. பதில் கிடைக்கும் வரை அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீங்க!