மனப்பதிவு ஓவியமும் மேனிலைப் பள்ளி மாணவரும்

கலைக்கல்வி என்றவுடன் அதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் மனப்பான்மை நம்மிடையே வேரூன்றி நிற்கின்றது. தேர்வில் மதிப்பெண் தாராத ஒன்றைப் பதினாறு வயது மாணவன் எதற்காகக் கற்க வேண்டும் என்று பெற்றோர் வினவுகின்றனர். அவ்வினாவைப் புறந்தள்ளுதல் முறையன்று. விடை கூறும் கடப்பாடு ஆசிரியர்க்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் தோன்றிய ‘இம்ப்ரெஷனிசம்’ எனப்படும் மனப்பதிவு ஓவியத்தை மேனிலை வகுப்புகளில் கற்பித்தல் வேண்டும் என்பதும், அதனைப் பெயரும் ஆண்டுமாக மனப்பாடம் செய்வித்தல் கூடாது என்பதும் நம் கருத்தாகும்.

எள்ளலில் பிறந்த பெயர்

அக்காலப் பிரான்சில் ஓர் ஓவியன் பெயர்பெற வேண்டுமாயின், ‘சலோன்’ என்னும் அரசுசார் கண்காட்சியில் அவன் படைப்பு இடம்பெற வேண்டும். தேர்வுக்குழுவினர் வரலாற்றுக் காட்சிகளையும் புராணக் காட்சிகளையும் வழவழப்பாகத் தீட்டிய ஓவியங்களையே பெரிதும் விரும்பினர். 1863இல் தள்ளப்பட்ட படைப்புகள் மிகப் பலவாகி முறையீடு எழவே, பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அவற்றிற்கெனத் தனிக் கண்காட்சி நடத்த ஆணையிட்டார்.

பதினோராண்டு கழிந்தபின், மோனே, ரெனுவார், பிசாரோ, சிஸ்லி, தெகா, செசான், பெர்த் மொரிசோ முதலிய கலைஞர்கள் எவர் தயவையும் நாடாது தாமே ஒரு கண்காட்சி அமைத்தனர். பாரிசு மாநகரில், நதார் என்னும் நிழற்படக் கலைஞரின் பழைய பணிமனையில், 1874 ஏப்ரல் 15ஆம் நாள் அது தொடங்கியது. அங்கே, லே ஆவர் துறைமுகத்தில் பனிமூட்டத்தினிடையே கதிரவன் எழும் காட்சியை மோனே தீட்டிய ஓவியம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் ‘மனப்பதிவு, கதிரவன் உதயம்’ என்பதாகும். லூயி லெருவா என்னும் இதழாளர் ‘லெ ஷாரிவாரி’ என்ற நகைச்சுவை இதழில் அப்பெயரையே பற்றிக்கொண்டு அக்கலைஞர் அனைவரையும் எள்ளி எழுதினார். எள்ளலுக்கு இட்ட பெயரே பின்னர் இயக்கத்தின் பெயராயிற்று. 1886 வரை எட்டுக் கண்காட்சிகள் நடைபெற்றன. எட்டிலும் பங்கேற்றவர் பிசாரோ ஒருவரே.

இவ்வரலாற்றில் மாணவர் கற்கத்தக்கது யாது? கற்றவர் எனப்பட்டோரே காணத் தவறினர் என்பதாகும். இது ஆசிரியராகிய நமக்கும் ஒரு பாடமேயாம்.

கறுப்பு அன்று நிழல்

இவ்வோவியர்தம் புதுமை நிறத்திலும் ஒளியிலும் அமைந்தது. நிழல் என்றால் கறுப்பு என்னும் பழக்கத்தை அவர்கள் கைவிட்டனர். பனிமேல் விழும் நிழலில் வானத்தின் நீலத்தைக் கண்டனர். கண்டதைக் கண்டவாறே தீட்டினர். வண்ணங்களை முழுதும் குழைத்துவிடாமல் சிறுசிறு தீற்றல்களாக அருகருகே வைத்தனர்.

இதற்கு அறிவியலும் தொழில்நுட்பமும் துணைநின்றன. அமெரிக்கராகிய ஜான் ராண்ட் என்பார் 1841இல் பிதுக்கிப் பயன்படுத்தும் உலோகக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அதன்பின் எண்ணெய் வண்ணங்களைத் திறந்தவெளிக்கு எடுத்துச் செல்லுதல் எளிதாயிற்று. கோபலின் நெசவாலையின் சாயப்பகுதிக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலறிஞர் ஷெவ்ரெல், ஒரு நிறம் தன்னை அடுத்துள்ள நிறத்தால் வேறாகத் தோன்றும் உண்மையை 1839இல் நூலாக வெளியிட்டிருந்தார்.

இவ்விடத்தே மற்றோர் அறிஞரை நினைவுகூர்தல் பொருந்தும். பஸ்ரா நகரில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலை இயற்றினார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுட் புகுவதாலேயே காட்சி நிகழ்கின்றது என்று அவர் நிறுவினார். காண்டலில் கண்ணுக்கு மட்டுமன்றி, ஒப்பிட்டுத் துணியும் அறிவிற்கும் பங்குண்டு என்பது அவர்தம் கொள்கை. இலத்தீனில் பெயர்க்கப்பெற்ற அந்நூல் ஐரோப்பிய ஒளியியலுக்கு அடித்தளமாயிற்று. அவர்க்கும் மோனேக்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்று நாம் கூறவில்லை. ஆயினும், ‘நாம் காண்பது எங்ஙனம்?’ என்னும் ஒரே வினா இருவரையும் இயக்கிற்று என்று மாணவர்க்கு எடுத்துக்காட்டினால், இயற்பியல் வகுப்பும் ஓவிய வகுப்பும் ஒன்றற்கொன்று உறவாகும்.

நகலில் மறைந்த கதிரவன்

நம் பட்டறிவு ஒன்றை இங்கே கூறுதல் தகும். மேனிலை மாணவர்க்கு இவ்வோவியம் பற்றி உரையாற்றச் சென்றபோது, செலவைக் கருதி, மோனேயின் அந்த உதயக் காட்சியைக் கறுப்பு வெள்ளை நகலாக எடுத்து வழங்கினோம். “கதிரவன் உதயம் என்கிறீர்களே ஐயா, கதிரவன் எங்கே?” என்று பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து வினவினார். நகலைக் கூர்ந்து நோக்கினோம். வானத்தின் சாம்பல் நிறத்திற்குள் கதிரவன் ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது! நகல் பழுது என்று முதலில் எண்ணி நாணினோம்.

பழுது நகலில் இல்லை. செம்மஞ்சள் நிறக் கதிரவனும் அதனைச் சூழ்ந்த நீலச்சாம்பல் வானும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சம் உடையனவாகத் தீட்டப்பட்டுள்ளன. நிறத்தை நீக்கினால் வேறுபாடு எஞ்சுவதில்லை. நம் மூளையில் நிறத்தை உணரும் பகுதி கதிரவனைக் காண்கின்றது. வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டு இடத்தை உணரும் பகுதிக்கோ அது புலப்படுவதில்லை. ஆதலின் அக்கதிரவன் ஓரிடத்தில் நில்லாது துடிப்பதுபோல் தோன்றுகின்றது என்று அமெரிக்க நரம்பியலறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் விளக்கியுள்ளார். மறுமுறை வண்ணப்படத்தையும் நகலையும் அருகருகே வைத்தோம். அரைமணி நேர உரை செய்யாததை அவ்விரு தாள்கள் செய்தன. அம்மாணவர் வினவியிராவிடில் நாம் லெருவாவைப் போன்றே காணாது போயிருப்போம்.

கற்பிக்கும் நெறி

ஆகவே, முதலில் காணச் செய்க. பின்னர்ப் பெயர் கூறுக என்பதே நாம் பரிந்துரைக்கும் நெறியாகும். ஓவியத்தை ஐந்து நிமிடம் வாய்பேசாது நோக்கி, கண்டவற்றை மாணவர் எழுதட்டும். அடுத்து, பள்ளி வளாகத்துச் சுவரொன்றைக் காலை, நண்பகல், மாலை என மூன்று பொழுதிலும் கண்டு அதன் நிறத்தைக் குறிக்கட்டும். அதன்பின் மோனேயின் ரூவான் பேராலய ஓவியங்களைக் காட்டுக. 1892, 1893ஆம் ஆண்டுகளில் அவ்வாலயத்தின் எதிரே அறைகளில் அமர்ந்து, ஒரே முகப்பை வெவ்வேறு ஒளியில் முப்பதுக்கும் மேற்பட்ட முறை அவர் தீட்டினார். சுவரை மும்முறை கண்ட மாணவர்க்கு அதன் காரணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

தமிழ் மாணவர்க்கு இது புதிதுமன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்த மரபு நம்முடையது. தொல்காப்பியம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வோவியங்களைத் துணைக்கொண்டால் எற்பாடும் வைகறையும் வெறுஞ்சொல்லாக நில்லாமல் கண்முன் விரியும்.

உருவம் வரைதல் குறித்து நம் சமுதாயத்தில் தயக்கம் உடையோர் உளர். அதனை மதித்தே கற்பிக்க இயலும். கதிரவன், நீர், பனி, வைக்கோற்போர், கற்சுவர், அல்லி மலர் ஆகியவற்றைக் கொண்டே இவ்வியக்கத்தின் உயிர்ப்பண்பு முழுவதையும் உணர்த்திவிடலாம். காலம் இல்லை என்பாரும் உளர். ஆண்டிற்கு நான்கு பாடவேளைகள் போதும்.

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு வருவோம். இக்கல்வியால் பயன் யாது? பிறர் சொன்னதைக் கண்டதாக எழுதும் பழக்கம் நம் மாணவரிடையே பெருகி வருகின்றது. நிழல் கறுப்பு என்று படித்தவன் நீல நிழலைக் கண்டாலும் கறுப்பென்றே எழுதுகின்றான். நீலம் என்று எழுதியவனை நாமே திருத்திவிடுகின்றோம். மருத்துவராகவோ பொறியாளராகவோ நீதிபதியாகவோ வரப்போகும் ஒருவர்க்குத் தம் கண்ணால் கண்டு, கண்டதை அஞ்சாது உரைக்கும் ஆற்றலினும் இன்றியமையாதது பிறிதில்லை. அவ்வாற்றலை வளர்ப்பது கல்வியாயின், இவ்வோவியப் பாடமும் கல்வியே ஆகும். பின்வரிசையிலிருந்து எழும் வினாவிற்குச் செவிசாய்க்க ஆசிரியராகிய நாம் முன்வருவோமாக.