கழுத்துக் கறுப்பு அழுக்கல்ல, தேய்க்காதீர்கள்



வத்தளை, மாபோலை, ஹெந்தளைப் பக்கத்து உம்மாமார், ராத்தாமார் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வாப்பாமாரும் பொறுமையாக வாசியுங்கள்.

பெருநாளோ கல்யாணமோ நெருங்கினால் நம் வீடுகளில் தேய்ப்பு வேலை தொடங்கிவிடும். தேசிக்காய், சீனி, அப்பச்சோடா, பற்பசை எல்லாம் பிள்ளையின் கழுத்துக்கும் முழங்கைக்கும் போகும். சிலர் தும்பாலும் தேய்க்கிறார்கள். அடுத்த கிழமை வகுப்புக்கு வரும்போது சில பிள்ளைகளின் கழுத்து உரசிச் சிவந்திருக்கும். கேட்டால், "உம்மா தேய்ச்ச டீச்சர்" என்பார்கள்.

தோலைச் சுத்தமாக வைப்பது நல்லது. ஆனால் நிறத்தைத் தேய்த்து எடுக்கப் பார்ப்பது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம் என்பதே என் கருத்து.

காரணம் இதுதான். நம் தோலின் மேற்பகுதியில் இறந்த கலங்கள் தாமாகவே உதிர்ந்துகொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேற்றோல் புதிதாகிவிடும். நிறத்தைத் தருகிற மெலனின் உருவாவது மேற்றோலின் அடியில். தும்பு அங்கே போகாது. மாறாக, நம்மைப் போன்ற மாநிறத் தோல் காயப்பட்டால், ஆறும்போது இன்னும் மெலனினைச் சுரக்கும். கறுப்பு போகத் தேய்க்கிற இடம் மேலும் கறுப்பது அதனால்தான்.

தேசிக்காயும் வேண்டாம். தோலின் பீ.எச். அளவு 5 அளவில் இருக்கும். தேசிக்காய்ச் சாறு 2 அளவில். இந்த அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு, அதாவது மூன்று படிக்கு ஆயிரம் மடங்கு அமிலம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளம் போடவும் கூடும்.

இனி முக்கியமான விசயம். பிள்ளையின் கழுத்துப் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது ஊத்தை இல்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். நிறை கூடிய பிள்ளைகளில் இது அதிகம். சீனி வருத்தம் வருவதற்கு முன்பே உடம்பு காட்டுகிற சிவப்பு விளக்கு அது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தால் இன்னும் கவனம் தேவை. டொக்டரிடம் காட்டி இரத்தத்தில் சீனி பார்க்கச் சொல்லுங்கள். நாம் தேய்த்துக்கொண்டே இருந்தால் இழப்பது காலத்தை. சோடாவையும் பிஸ்கட்டையும் குறைத்து, பிள்ளையை ஓடி விளையாட விட்டு, நிறை குறைந்தால் அந்தக் கறுப்பும் மெல்ல மெல்லக் குறையும்.

தேய்த்துச் சரிவராவிட்டால் அடுத்தது கிரீம். கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல்லில் உள்ள ஒரு வைத்தியசாலையில் நடந்ததைக் கேளுங்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை, சிறுநீரோடு புரதம் வெளியேறுகிற ஒரு சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் ஓர் அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள். சந்தேகம் போனது கிரீமில் இருந்த பாதரசத்தின் மேல். பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கும், அதனால் முகம் கொஞ்ச நாளைக்கு வெளுக்கும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். உம்மா பூசினால் மடியில் இருக்கிற குழந்தைக்கும் சேரும்.

இது கேரளாவின் பிரச்சினை மட்டுமில்லை. 2023இல் இலங்கை, கேபோன், ஜமேக்கா ஆகிய மூன்று நாடுகளும் இத்தகைய கிரீம்களை ஒழிக்க 140 இலட்சம் டொலர் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அந்தப் பட்டியலில் நம் நாடு ஏன் இருக்கிறது என்று யோசியுங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, சேர்மானப் பட்டியல் இல்லாத கிரீமை யார் தந்தாலும் வாங்காதீர்கள். ஏழே நாளில் வெள்ளை என்றால் இன்னும் தூர நில்லுங்கள்.

அப்போ வீட்டில் என்னதான் செய்வது? ஐவேளை வுழூ செய்கிற முகத்துக்குத் தேய்ப்பு அதிகம் தேவையில்லை. ஒவ்வொரு தரமும் சவர்க்காரம் போடவும் வேண்டாம். வாரம் ஒருமுறை, நன்றாக அரித்த பயத்தம் மாவைத் தண்ணீரில் குழைத்து, விரல் நுனியால் அரை நிமிடம் மெதுவாகத் தடவிக் கழுவினால் போதும். பரு, புண், எரிச்சல் உள்ள இடத்தில் வேண்டாம். குளித்த ஈரம் காய முன்பு முழங்கை, முழங்கால், குதிக்கு வாஸ்லின் பூசுங்கள். பரு வருகிற முகத்துக்குத் தேங்காயெண்ணெய் சரிவராது. வெயிலுக்குக் குடை பிடியுங்கள். இதில் காசு போகிற வேலை ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. பிள்ளைகள் தாமாகத் தேசிக்காயைத் தேடிப் போவதில்லை. "இவ கொஞ்சம் கறுப்பு, பார்த்து மாப்பிள்ளை தேடணும்" என்று சாச்சியும் மாமியும் பேசுவது அந்தப் பிள்ளையின் காதில் விழுகிறது. வெள்ளையருக்குக் கறுப்பரை விட மேன்மை இல்லை, இறையச்சத்தால் தவிர என்பதை ஜும்ஆவில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். பெண் பார்க்கப் போகிற வீட்டில் மட்டும் அதை ஏன் மறக்கிறோம்?

இந்தப் பெருநாளைக்கு முன்பு பிள்ளையின் கழுத்தை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், தேய்க்க அல்ல. தடித்துக் கறுத்திருந்தால் டொக்டரிடம் கூட்டிப் போங்கள். வெறும் நிறம்தான் என்றால், அது அல்லாஹ் தந்தது. அப்படியே விடுங்கள்.