படம் எடுக்கலாமா என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி

டிசம்பர், ஜனவரி விடுமுறை நாட்களில் நம் குடும்பங்கள் மலைகளை நாடிச் செல்வது வழக்கமாகிவிட்டது. நாமக்கல், சேலம், திருச்சி வட்டாரத்து மக்களுக்குக் கொல்லிமலை கூப்பிடு தூரம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் குளிர்காற்றும் மூடுபனியும் மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்களும் வரவேற்கின்றன. பிள்ளைகளின் கையில் கைப்பேசி. வசதியுள்ள வீட்டு இளைஞர்களின் தோளில் நீண்ட லென்ஸ் பொருத்திய கேமரா. மலையையும் அருவியையும் எடுத்து முடித்த பிறகு கேமரா பறவைகளின் பக்கம் திரும்புகிறது. அப்போதுதான் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: உயிருள்ளவற்றைப் படம் எடுப்பது மார்க்கத்தில் கூடுமா?

இந்தக் கேள்வி நம்மிடையே பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல் முதீஈ அவர்கள், நிழற்படக் கருவி செய்வது கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பிடித்து நிறுத்துவதே என்றும், அதில் புதிதாக ஓர் உருவத்தைப் படைக்கும் செயல் இல்லை என்றும் விளக்கி அதற்கு அனுமதி வழங்கினார்கள். அக்கருத்தை ஏற்காத, பேணுதலின் பொருட்டுத் தேவைக்கு மட்டும் அனுமதிக்கும் உலமாக்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் நம் மதிப்புக்குரியவர்களே. அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை. அந்த விவாதத்தை இங்கே மீண்டும் தொடங்குவது நம் நோக்கமன்று.

நாம் கேட்க விரும்புவது அதற்கு அடுத்த கேள்வியை. படம் எடுப்பது கூடும் என்று முடிவு செய்துகொண்ட ஒருவர், அந்தப் படத்தை எந்த வழியில் எடுக்கிறார்? படத்தின் ஹுக்மைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடும் நாம், படம் எடுக்கும் வழியில் அந்தப் பறவைக்கு நேரும் துன்பத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

வந்திருப்பவர்கள் யார்?

குளிர்காலத்தில் நாம் காணும் பறவைகளில் பல நெடுந்தொலைவிலிருந்து வந்தவை. கொல்லிமலை போன்ற மலைகளின் ஓடைக்கரைகளில் வாலை ஆட்டியபடி பாறைக்குப் பாறை தாவும் சாம்பல் வாலாட்டி, இமயத்திலும் அதற்கு வடக்கேயும் இனப்பெருக்கம் செய்துவிட்டு இங்கே வருவது. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர் பெற்ற வண்ணப்பறவையும், வட இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுத் தென்னகத்தில் குளிர்காலத்தைக் கழிக்க வருவதே.

கொல்லிமலையில் வாசலூர்ப்பட்டிப் படகுக் குளம் போன்ற சிறு நீர்நிலைகளே உண்டு. வாத்துக் கூட்டங்களைக் காண வேண்டுமானால் மலையிலிருந்து இறங்கும் தண்ணீரின் போக்கிலேயே நாமும் போக வேண்டும். ஆகாய கங்கை அருவியாக விழும் ஐயாறு, திருச்சி மாவட்டத்துச் சமவெளியில் இறங்கிக் காவிரியோடு சேர்கிறது. காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியை நிரப்புகிறது. சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் நீலச்சிறகியும் அங்கே கூடுகின்றன. தலையில் இரு கறுப்புப் பட்டைகளைக் கொண்ட வரித்தலை வாத்தும் வருகிறது. திபெத், மங்கோலியா, லடாக் ஆகிய பகுதிகளின் உயர்ந்த ஏரிகளில் பிறந்து, இமயத்தைக் கடந்து வரும் பறவை அது. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறந்ததை ஆய்வாளர்கள் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் பலரும் இரவுதோறும் ஓதும் சூரத்துல் முல்க், தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்க்கவில்லையா என்று நம்மிடம் வினவுகிறது. அவற்றை வானில் தாங்கி நிற்பவன் அளவற்ற அருளாளனே என்கிறது. ஓதுகிற நாம் எத்தனை முறை அண்ணாந்து பார்த்திருக்கிறோம்? சுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்த ஹுத்ஹுதின் கதை நம் மதரஸாப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். அந்த ஹுத்ஹுத்தான் நம் ஊர்த் திடல்களில் கொண்டையை விரித்துப் புழுவைத் தேடும் கொண்டலாத்தி என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

ஒரு படத்துக்கு பறவை கொடுக்கும் விலை

வலசை வந்த பறவைக்குக் குளிர்காலம் ஓய்வுக்காலம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது சேமிப்புக்காலம். வரும்போது செலவழித்த கொழுப்பை இங்கே மேய்ந்து திரும்பச் சேர்க்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகும் பயணத்துக்கும், போய்ச் சேர்ந்ததும் கூடு கட்டவும் முட்டையிடவும் அந்தச் சேமிப்பே முதல். தரையில் மேய்வதைவிடப் பறந்து எழுவதற்குப் பறவை பல மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறது.

இப்போது ஏரிக்கரையில் நடப்பதைப் பார்ப்போம். நீரில் அமைதியாக மேயும் வாத்துக் கூட்டம் படத்தில் எடுப்பாகத் தெரிவதில்லை. கூட்டம் மொத்தமாக எழும்பினால்தான் பலரும் பாராட்டும் படம் கிடைக்கும். ஆகவே ஒருவர் கை தட்டுகிறார், இன்னொருவர் கல்லெறிகிறார், மற்றொருவர் ட்ரோனைப் பறக்கவிடுகிறார். பறவைகளின் கண்ணுக்கு அந்த ட்ரோன் மேலிருந்து பாயும் பருந்தாகவே தெரியும். ஒரு குடும்பம் போனதும் அடுத்த குடும்பம் வருகிறது. நமக்கு அது ஒரே ஒரு படம். பறவைக்கோ அன்று காலை முதல் பத்தாவது ஓட்டம்.

காடுகளில் நடப்பது வேறு விதம். கைப்பேசிச் செயலியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டால், தன் இடத்துக்குப் போட்டிக்காரன் வந்துவிட்டான் என்று எண்ணி அது இரை தேடுவதை விட்டுவிட்டு வெளியே வந்து தேடுகிறது. இல்லாத பகைவனோடு அதைப் போராட விட்டுப் படம் எடுக்கிறோம். இது பறவையை ஏமாற்றுவதாகும். கூட்டின் அருகே சென்று, மறைவாக இருக்கும் கிளையை ஒதுக்கிப் படம் எடுத்தால், தாய் விலகிய அந்த நேரத்தில் வெயிலும் காக்கையும் குஞ்சுகளைக் கொன்றுவிடக்கூடும். எடுத்த இடத்தைச் சமூக வலைத்தளத்தில் குறிப்பிட்டால் மறுநாள் அங்கே பத்துப் பேர் வந்து நிற்பார்கள்.

இந்த இடத்தில்தான் அபூதாவூத் தொகுப்பில் வரும் ஒரு நிகழ்ச்சியை நாம் நினைவுகூர வேண்டும். நபி (ஸல்) அவர்களுடன் பயணம் சென்ற தோழர்கள், ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அங்கு வந்த நபியவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதைத் துயருறச் செய்தவர் யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆணையிட்டார்கள். அந்தக் குஞ்சுகள் கொல்லப்படவில்லை. தாயின் பதற்றமே நபியவர்கள் தலையிடுவதற்குப் போதுமான காரணமாயிற்று. உயிருள்ள ஒன்றை அம்பு எய்து பழகும் இலக்காக்குவதைத் தடுத்த நபிமொழியும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை ஐந்து உயிர்களை வீழ்த்தியவன் என்று புறநானூறு பாடும் வல்வில் ஓரி ஆண்டது இதே கொல்லிமலையை. இன்று நம் கையில் வில் இல்லை. ஆனால் பொழுதுபோக்குக்காக ஓர் உயிரை அலைக்கழிக்கும் மனம் இருக்குமானால், லென்ஸும் ஒருவகை வில்லே.

நாட்டின் சட்டமும் இதையொட்டியே நிற்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி ஏந்தியவருக்கு மட்டும் உரியது என்று நாம் நினைக்கும் சொல், கேமரா ஏந்தியவரையும் தொடும்.

ஹலாலா என்று கேட்ட சிறுவன்

நம் சமுதாயத்தில் பிறந்து, இந்தியப் பறவையியலுக்கே முகவரியாக ஆனவர் ஸாலிம் அலீ (1896–1987). பெற்றோரை இழந்து பம்பாயில் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்த அவர், சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவியாகத் தெரியாததால், இது நாம் உண்ணத்தக்கதுதானா என்ற ஐயத்தோடு மாமனிடம் எடுத்துச் சென்றார். அறியாத மாமன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் சிறுவனை அனுப்பினார். அங்கே திறந்த கதவு வாழ்நாள் முழுவதும் மூடவில்லை. 1941இல் அவருடைய இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. 1976இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. கோவை ஆனைகட்டியில் 1990இல் தொடங்கப்பட்ட பறவையியல் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1985இல் வெளியான அவரது தன்வரலாறு, தலைப்பிலேயே அந்தச் சிட்டின் வீழ்ச்சியைச் சுமந்து நிற்கிறது.

இது ஹலாலா என்ற கேள்வி அந்தச் சிறுவனை ஒரு பெரும் கல்விக்கு இட்டுச் சென்றது. நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வியும் ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிட வேண்டுமா? இன்றும் சில ஊர்களில் கொக்கும் காட்டு வாத்தும் இரகசியமாக விற்கப்படுகின்றன. உண்ணத்தக்க இனம் என்ற ஒன்றை மட்டும் சொல்லி அதை நியாயப்படுத்துவோரும் உண்டு. இனம் ஆகுமானது என்பதால், சட்டத்தை மீறிக் கண்ணி வைத்துப் பிடித்த வழியும் ஆகுமானதாகிவிடாது. படத்துக்கும் இதே அளவுகோல்தான்.

என்ன செய்யலாம்?

பறவைகளைப் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பெயர் தெரிந்த உயிரின் மீதுதான் பிள்ளைக்குப் பரிவு பிறக்கும். அதற்குக் கேமரா நல்ல வாசல். எழுத்தாளரும் நிழற்படக் கலைஞருமான மா. கிருஷ்ணன் (1912–1996) எளிய கருவிகளோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் அவருடைய பொறுமை. அந்தப் பொறுமையையே நாமும் கைக்கொள்ள வேண்டும்.

பஜ்ர் தொழுதபின் உறங்காமல் புறப்படுங்கள். பறவைகளைக் காண அதைவிட நல்ல நேரமும் நல்ல ஒளியும் இல்லை. பளிச்சிடும் நிற ஆடைகளைத் தவிருங்கள். ஓரிடத்தில் அமர்ந்து பறவை அருகில் வரும்வரை காத்திருங்கள். மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தி நம்மைப் பார்த்தால், போதும் என்று அது சொல்கிறது, இரண்டடி பின்வாங்குங்கள். குரல் ஒலிக்கவிடுவதும் ட்ரோனும் வேண்டாம். கூட்டைக் கண்டால் கேமராவை மூடிவிட்டு நகருங்கள். சரணாலயத்தில் உரிய அனுமதி பெற்று நுழையுங்கள். மலையில் வாகனத்தின் பாட்டுச் சத்தத்தை நிறுத்துங்கள். நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைக் கேளாமல் படம் எடுக்காதீர்கள். பறவைக்குக் காட்டும் கண்ணியம் மனிதருக்கும் உரியது. படம் எடுப்பதைப் பேணுதலாகத் தவிர்ப்போர் ஓர் இருநோக்கியை வாங்கிக்கொள்ளலாம். பார்ப்பதற்குத் தடை சொன்னவர் எவருமில்லை.

மனிதர்களுக்கே ஆயிரம் துன்பம் இருக்க, பறவைக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கூந்தன்குளத்து மக்கள் தம் ஊருக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை 1798இலேயே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் எழுத்தில் பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த நீர் தம் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களும் துன்பமில்லாத மக்களாக இருந்ததில்லை. இரக்கம் ஒரு பக்கம் செலவானால் மறுபக்கம் குறைந்துபோகும் பணமன்று.

ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் இதில் ஓர் அடி எடுத்துவைக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியிலோ கண்மாய்க் கரையிலோ பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இணையத்தில் பதிந்தால் போதும். அங்கே தெளிவில்லாத படமும் ஒரு சான்றாகப் பயன்படும். பாராட்டுக்காக எடுத்த படம் ஒரு நாளில் மறக்கப்படும். வார இறுதி மதரஸா வகுப்புகளில் ஒன்றை இந்த ஜனவரியில் ஊர்க் கண்மாயின் கரையில் நடத்திப் பாருங்கள். சூரத்துல் முல்கின் அந்த வசனத்தை ஓதிவிட்டுப் பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் பூமியும் அதன் உயிர்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணும் மக்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.