மூணு வயசுக்கு அரைமண்டி வேண்டாம், கும்மி போதும்

நவராத்திரி நெருங்கினால் போதும், இங்கே வடோதராவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். "பாப்பாவுக்கு மூணு வயசு ஆயிடுச்சு. விஜயதசமி அன்னிக்கு டான்ஸ் க்ளாஸ்ல சேத்துடலாமா? நல்ல டீச்சர் யாராவது தெரியுமா?" பாப்பா என்றால்தான் இந்தக் கேள்வி. பையன் என்றால் கீபோர்டு, இல்லாவிட்டால் கராத்தே (அதுவும் மூணு வயசில்!).

என் வீட்டிலும் மூன்று வயதில் ஒருத்தி இருப்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில் நிறையப் பேருக்குப் பிடிப்பதில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாதாடுவதை விட மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

பதில் இதுதான். ஐந்து, ஆறு வயது வரை க்ளாஸ் வேண்டாம். அதற்காக ஆட்டமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. தினமும் ஆட வேண்டும். வீட்டில், விளையாட்டாக, நம்மோடு ஆட வேண்டும். அந்த "நம்மோடு" என்பதில்தான் எல்லோருக்கும் உதைக்கிறது.

முதலில் குழந்தையின் உடம்பைப் பார்ப்போம். இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதிப்பது இரண்டு வயதை ஒட்டித்தான் வருகிறது. ஒற்றைக் காலில் நொண்டி அடிப்பது நாலு வயது வாக்கில். கால் மாற்றி மாற்றித் துள்ளி ஓடுவது ஐந்து, ஆறு வயதில். நிலைமை இப்படி இருக்க, மூன்று வயதுக் குழந்தையை அரைமண்டியில் உட்கார வைத்து, கை நீட்டி, முதுகு நிமிர்த்தி, தட்டடவு போடு என்றால் அது என்ன செய்யும்? இரண்டு நிமிடம் டீச்சரைப் பார்க்கும். மூன்றாவது நிமிடம் பக்கத்துக் குழந்தையின் தாவணியைப் பிடித்து இழுக்கும். அப்புறம் அழும். "எங்க பொண்ணுக்கு டான்ஸ்ல இன்ட்ரஸ்ட் இல்ல" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுவோம். வராதது அரைமண்டி. இல்லை என்று நாம் எழுதிவிடுவது ஆர்வத்தை.

ஆர்வம் எப்போதிலிருந்து இருக்கிறது தெரியுமா? மார்செல் ஸென்ட்னர், டூமஸ் ஈரோலா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு இசையையும் தாளத்தையும் வெறும் பேச்சையும் கேட்க வைத்துப் பார்த்தார்கள். பேச்சைக் கேட்கும்போது இருப்பதை விட, இசைக்கும் தாளத்துக்கும் குழந்தைகளின் கை, கால், உடம்பு அதிகமாகவும் ஒரு சீராகவும் அசைந்தன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நம் பிள்ளைத்தமிழ். பள்ளிக்கூடத்தில் பத்துப் பருவம் என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். குழந்தை கையையும் ஒரு முழங்காலையும் ஊன்றித் தலையை அசைத்து ஆடும் செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதத்தில் வைத்திருக்கிறார்கள். கை கொட்டும் சப்பாணிப் பருவம் ஒன்பதாம் மாதத்தில். ஆண்பால் பிள்ளைத்தமிழில் கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்குச் சிறுபறை. அதாவது ஆடு, கை தட்டு, கொட்டு! குழந்தை எந்த வரிசையில் தாளத்துக்குள் வருகிறது என்பதை நம் ஆட்கள் கவனித்து, இலக்கண வரிசையாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதில் எந்தப் பருவத்திலும் ஃபீஸ் கட்டி க்ளாஸில் சேர்க்கும் பருவம் கிடையாது :-)

"அதெல்லாம் சரி, பாலசரஸ்வதி ஏழு வயசிலேயே அரங்கேற்றம் செய்யலையா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். செய்தார். 1918-ல் பிறந்து 1925-ல் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். ஆனால் அவர் எந்த வீட்டில் வளர்ந்தார்? பாட்டி வீணை தனம்மாள். அம்மா ஜெயம்மாள் பாடகி. வீட்டில் காலையில் கண் விழித்தால் காதில் விழுவது சங்கீதம். குருவின் தட்டுக்கழிக்கு முன்னால் போய் நிற்கும்போதே தாளம் அந்தக் குழந்தையின் உடம்புக்குள் இருந்தது. நம் வீட்டில் கண் விழித்தால் காதில் விழுவது மிக்ஸி. வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் க்ளாஸ் அந்த வீட்டுக்கு ஈடாகிவிடுமா?

என் முக்கியமான வாதமே இதுதான். ஊரிலிருந்து ஒன்றரை நாள் ரயில் தூரத்தில் இருக்கிறோம். பிள்ளைக்குத் தமிழ் மறந்துவிடுமோ, பண்பாடு போய்விடுமோ என்று பயம். அந்தப் பயத்துக்கு மருந்தாக ஒரு டீச்சரைத் தேடுகிறோம். தமிழுக்கு ஒரு டீச்சர், சுலோகத்துக்கு ஒரு டீச்சர், நாட்டியத்துக்கு ஒரு டீச்சர். நாம் வெளியே காரில் உட்கார்ந்து ஆபீஸ் மெயில் பார்ப்போம். வீட்டு வேலைக்கு ஆள் வைப்பது போலப் பண்பாட்டுக்கும் ஆள் வைக்கிறோம். குழந்தை இதிலிருந்து என்ன புரிந்துகொள்ளும்? "இது அப்பா அம்மா செய்கிற விஷயம் இல்லை, என்னை மட்டும் அனுப்பி வைக்கிற விஷயம்" என்றுதானே?

இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டோமசெல்லோவும் 2009-ல் வெளியிட்டது. இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுக் குழந்தைகளை மேளம் தட்டச் சொன்னார்கள். ஒரு முறை எதிரில் ஒரு மனிதர் தட்டினார், ஒரு முறை இயந்திரம் தட்டியது, ஒரு முறை ஒலிபெருக்கியில் சத்தம் மட்டும் வந்தது. மனிதர் கூட உட்கார்ந்து தட்டும்போதுதான் குழந்தைகளின் தாளம் நன்றாகச் சேர்ந்தது. யூட்யூபைப் போட்டுவிட்டு நாம் சமையலறைக்குப் போனால் ஏன் வேலைக்கு ஆவதில்லை என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? போதாததற்கு, இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி. அதே வழிகாட்டி, தினம் மூன்று மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்றும் சொல்கிறது.

சரி, இப்போது இந்த ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

போன நவராத்திரிக்கு அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். எங்கள் குடியிருப்பில் ஒன்பது ராத்திரியும் கர்பா உண்டு. நடுவில் துளை போட்ட மண்பானைக்குள் விளக்கு, சுற்றி வட்டமாகப் பெண்களும் ஆண்களும் குழந்தைகளும். பால்கனியிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்த அம்மா, "ஏண்டா, இது நம்ம கும்மிடா!" என்றார். கீழே இறங்கிப் போனார். பூஜை செய்யும் இடத்தில் மண்ணில் முளைவிட்டிருந்த தானியத்தைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "முளைப்பாரி கூட வச்சிருக்காங்களே!" இங்கே அதற்கு ஜவாரா என்று பெயர். முளைப்பாரியை நடுவில் வைத்துக் கும்மி கொட்டி வளர்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த சுற்றில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வட்டத்துக்குள் இருந்தார்.

2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் கர்பாவைச் சேர்த்தது. ஆனால் இங்கே யாரும் அதை மூன்று வயதுக் குழந்தைக்கு "சொல்லிக்கொடுப்பதை" நான் பார்த்ததில்லை. (இளவட்டங்களுக்கு நவராத்திரிக்கு முன்னால் க்ளாஸ் நடக்கிறது, அது வேறு கதை.) குழந்தை முதல் வருடம் இடுப்பில், இரண்டாம் வருடம் கை பிடித்து, மூன்றாம் வருடம் வட்டத்தின் ஓரத்தில். இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று கைத்தாளம் தானாக ஒட்டிக்கொள்கிறது. தப்பாகத் தட்டினால் யாரும் திருத்துவதில்லை, அடுத்த சுற்றில் சரியாகிவிடும். குஜராத்திகள் தங்கள் ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். அப்பா ஆடுகிறார், அம்மா ஆடுகிறார், பாட்டி ஆடுகிறார்.

"அப்போ நம்ம குழந்தை குஜராத்தி ஆட்டம் ஆடிக்கிட்டு வளரணுமா?" என்று கேட்பவர்களுக்கு, ஆமாம், தாராளமாக ஆடட்டும். கர்பா வட்டத்தில் நிற்கத் தெரிந்த குழந்தைக்குக் கும்மி பாதி வந்தாயிற்று. தாண்டியா கோலைப் பிடித்த கைக்குக் கோலாட்டம் அந்நியமில்லை. அது மட்டுமல்ல, இந்த ஊருக்கும் நமக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. 1880-ல் மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் தஞ்சாவூர் அரச குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டபோது, தஞ்சாவூரின் ஆடல் மகளிரும் நட்டுவனார்களும் கூடவே பரோடாவுக்கு வந்தார்கள். இந்த ஊர் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பரதநாட்டியம் பட்டப்படிப்பு. கலாக்ஷேத்ராவில் பயின்ற சி.வி. சந்திரசேகர் பல ஆண்டுகள் இங்கே பேராசிரியராக இருந்தார். நம் ஆட்டம் ரயில் ஏறினால் தொலைந்துபோகும் சரக்கு இல்லை. வீட்டில் யாரும் ஆடாவிட்டால்தான் தொலையும். அது மதுரையில் இருந்தாலும் அப்படித்தான்.

வீட்டில் என்னதான் செய்வது? எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம், அவ்வளவுதான். கையில் எவர்சில்வர் டப்பா, கரண்டி.

தகிட என்று சொன்னால் மூன்று அடி நடக்க வேண்டும், தகதிமி என்றால் நாலு அடி. சொல்வது மெதுவானால் யானை, வேகமானால் எலி. டப்பாச் சத்தம் நின்றால் எல்லோரும் சிலை. இதில் அவளுக்குத் தெரியாமலே திஸ்ரமும் சதுஸ்ரமும் காலுக்குப் போய்விடுகின்றன. பழைய செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி டேப் ஒட்டினால் கோலாட்டக் கோல் ரெடி (மரக்கோலை இந்த வயதில் கொடுத்தால் அடுத்து டாக்டர்தான்). இரண்டு கைக்குட்டை இருந்தால் ஒயிலாட்டம். துப்பட்டாவை இடுப்பில் கட்டினால் மயில். தலையில் மடித்த துண்டை வைத்து விழாமல் நடந்தால் கரகம். அட்டைப் பெட்டியின் அடியை வெட்டி இடுப்பில் மாட்டினால் பொய்க்கால் குதிரை. உள்ளே நுழைய நானும் ஒரு முறை முயன்றேன், பெட்டி கிழிந்துவிட்டது.

பையன் வைத்திருப்பவர்களே, ஒயிலாட்டம் ஆண்கள் ஆடி வளர்த்த ஆட்டம். கராத்தே எங்கேயும் போய்விடாது.

தமிழர்கள் கூடி விழா எடுக்கும் எல்லா ஊர்க்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா மேடையில் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு மையும் ராக்கொடியும் போட்டு, கண் கூசும் விளக்கில் தனியாக நிற்க வைக்காதீர்கள். அது அழுவதை நாம் சிரித்துக்கொண்டே வீடியோ எடுக்கிறோம், அதற்கு அது பயம். அந்தப் பத்து நிமிடத்தை வேறு மாதிரி செலவழிக்கலாம். நாற்காலிகளை ஓரத்தில் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு குத்துவிளக்கோ பொங்கல் பானையோ வைத்து, தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் ஒரு வட்டம். ஒரு கும்மி. யாருக்கும் ஒத்திகை வேண்டாம், ஒப்பனை வேண்டாம்.

ஆறு, ஏழு வயதில் குழந்தையே "எனக்குக் கத்துக்கணும்" என்று வந்து நின்றால், அப்போது தேடிப் பிடித்து நல்ல குருவிடம் சேருங்கள். அன்றைக்கு அரைமண்டி வலித்தாலும் அது தாங்கிக்கொள்ளும். எதற்காகத் தாங்குகிறோம் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

பி.கு: கர்பாவுக்குக் கைக்குழந்தையோடு போகிறவர்கள் பெரிய மைதானங்களைத் தவிர்த்துக் குடியிருப்பில், தெருவில் நடப்பதற்குப் போங்கள். ஸ்பீக்கருக்குத் தள்ளி நில்லுங்கள், சின்னக் காது. அப்புறம், "எனக்கு ஆட வராதே" என்று சொல்லும் அப்பாக்களுக்கு: மூன்று வயதுக் குழந்தைக்கு அது தெரியாது. கவலைப்படாமல் ஆடுங்கள்.