வெள்ளைக்காரனுக்கு விளங்காது

2025 செப்டெம்பரில் மருமகன் என்னைப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' என்றொரு ஜப்பானிய அனிமே. இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறது. படம் எங்கே தொடங்குகிறது என்றே எனக்கு விளங்கவில்லை. ஏனென்றால் அது தொடங்கவேயில்லை. தொலைக்காட்சித் தொடர் விட்ட இடத்திலிருந்து, முன்கதைச் சுருக்கம் ஒன்றுமில்லாமல், நேரே சண்டைக்குள் போய் விழுகிறது. யார் எவர், எவன் எதற்காக வாளெடுத்தான் என்று படம் ஒருவருக்கும் வகுப்பெடுக்கவில்லை. ஆனால் என்னைத் தவிர அரங்கிலிருந்த எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த ஆபிரிக்கப் பொடியன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தப் படம் உலகம் முழுவதும் 70 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. தமிழ்நாட்டில் தமிழ் பேசியும் ஓடியது.

படம் முடிந்து லா சப்பலுக்கு வந்து, பெர்தொனே வீதியில் ஒரு கடையில் பிளேன்ரீக்கும் ரோல்ஸுக்கும் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். மருமகன் கேட்டான்:

"மாமா, கீறின படத்துக்கு இவ்வளவு சனம் வருது. உதே மாதிரிக் கதையளை ஆக்களை வச்சு எடுத்தா ஏன் ஒருத்தரும் போகினமில்லை?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "ரோல்ஸ் ஆறப்போகுது, சாப்பிடு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இரவு படுக்கையில்தான் பதில் வந்தது. அந்தப் பதிலுக்குள் என்னுடைய அகதிக் கேஸும் வந்து சேர்ந்தது. ஆகவே இது கொஞ்சம் சுற்றிவளைத்த கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மருமகன் சொன்னது சரிதானா என்று பார்த்துவிடுவோம். 2008இல் வந்த 'ஸ்பீட் ரேசர்' 12 கோடி டொலரில் எடுக்கப்பட்டது. வசூல் 10 கோடியை எட்டவில்லை. 2009இல் வந்த 'டிராகன்போல் எவொல்யூஷன்' படத்தை எழுதியவரே 2016இல் இரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2017இல் 'கோஸ்ட் இன் த ஷெல்' 11 கோடி டொலர் செலவில் வந்து 17 கோடிக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. வசூலில் பாதியளவு தியேட்டர்காரர்களுக்குப் போகும், விளம்பரச் செலவு வேறு. ஆக, அதுவும் நட்டம்தான். 2023இல் 'நைட்ஸ் ஒவ் த சோடியாக்'. இதில் பணம் போட்டது அந்த அனிமேயை எடுத்த ஜப்பானிய நிறுவனமான தோயேயேதான். வசூல் ஒரு கோடி டொலரைக்கூடத் தொடவில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. கீறிய முகத்துக்கு நிஜ முகம் ஈடாகாது என்பது ஒன்று. ஜப்பானியப் பாத்திரங்களுக்கு வெள்ளைக்கார நடிகர்களைப் போடுகிறார்கள் என்பது மற்றது. இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டும் போதாது.

முகப் பிரச்சினை நமக்குத் தெரியாததா? 'பொன்னியின் செல்வன்' 1950களில் கல்கியில் தொடராக வந்தபோது மணியம் கீறிய வந்தியத்தேவனையும் குந்தவையையும் நெஞ்சில் வைத்திருந்த தலைமுறை நம்முடையது. 2022இல் மணிரத்னம் நிஜ ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, 'மணியத்தின் மூக்கு இப்படியா இருந்தது' என்று லா சப்பலில் சண்டை பிடித்தவர்களை எனக்குத் தெரியும். சண்டை பிடித்துவிட்டு எல்லோரும் படத்துக்குப் போனார்கள். மூக்குக்காக ஒரு படம் தோற்பதில்லை.

இனி என்னுடைய கதை. 1991இன் தொடக்கத்தில் நான் பாரிஸுக்கு வந்தபோது லா சப்பலுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் ஒன்பது பேர் இருந்தோம். இரவில் உணவகமொன்றில் கோப்பை கழுவுவேன். பகலில் தூக்கம் வராது. அறையில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. புதன்கிழமைகளில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அவர்களுக்காக 'கிளப் டொரொத்தே' என்ற நிகழ்ச்சி போகும். 1987 முதல் 1997 வரை ஓடிய நிகழ்ச்சி அது. அதில் ஜப்பானிய அனிமேகளைப் பிரெஞ்சு பேசவைத்துக் காட்டினார்கள். நான் பிரெஞ்சு படித்தது அங்கேதான். ஆசிரியர்கள் 'டிராகன் போல்' குரங்குவால் பொடியனும் 'நிக்கி லார்சன்' என்ற துப்பறியும் பொம்பிளைப் பித்தனும்.

நிக்கி லார்சனுக்கு ஜப்பானில் பெயர் சாயேபா ரியோ. பிள்ளைகள் பார்க்கும் நேரமென்பதால் பிரெஞ்சுக்காரர் பெயரை மட்டுமல்ல, வசனத்தையும் மாற்றினார்கள். ஜோடிகள் மணிக்கணக்கில் வாடகைக்கெடுக்கும் ஜப்பானிய விடுதிகள் பிரெஞ்சுக் குரலில் 'சைவ உணவகம்' ஆகிவிட்டன. நிக்கி ஒவ்வொரு பெண்ணையும் சைவச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். ஜப்பான் சனம் இவ்வளவு சைவமா என்று நான் நெடுங்காலம் வியந்துகொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் எனக்குக் கேஸ் எழுதவேண்டி வந்தது. அகதித் தஞ்சம் கேட்பதென்றால் ஏன் ஓடிவந்தாய் என்று பிரெஞ்சில் எழுதிக் கொடுக்கவேண்டும். அப்போது கேஸ் எழுதிக் கொடுப்பதையே தொழிலாகச் செய்த ஓர் அண்ணையிடம் 500 பிராங்கோடு போனேன். என் கதையைச் சொன்னேன்.

ஊரில் நான் வீடியோப் படம் ஓட்டுபவனாக இருந்தேன். சொந்தமாக ஒரு ஜெனரேட்டர், வாடகைக்கு எடுத்த டெக், ஒரு கலர் ரிவி. கோயில் திருவிழா, கல்யாண வீடு, சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் விடிய விடிய மூன்று படம் ஓட்டுவேன். 1988இல் ஒரு திருவிழா இரவில் ஆமிக்காரர் வந்து சுற்றி வளைத்தார்கள். ஜெனரேட்டரைக் காட்டி "இது ஆருக்கு?" என்று கேட்டார்கள். படத்துக்கு என்றேன். நம்பவில்லை. பதினொரு நாட்கள் வைத்து அடித்தார்கள். விட்ட பிறகு இயக்கப் பொடியன்கள் வந்தார்கள். "பதினொரு நாளில உன்னை ஏன் விட்டவங்கள்?" என்று கேட்டார்கள். அதற்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லமுடியாமல் ஓடிவந்தவன் நான்.

அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

"தம்பி, ஜெனரேட்டர், டெக், திருவிழா எண்டெல்லாம் எழுதினா வெள்ளைக்காரனுக்கு விளங்காது. பொதுவா எழுதுவம்."

பொதுவாக எழுதினார். ஜெனரேட்டர் போய்விட்டது. திருவிழா போய்விட்டது. அவற்றுக்குப் பதிலாக எரிந்த வீடு ஒன்று, இறந்துபோன தம்பி ஒருவன் (எனக்குத் தம்பியே கிடையாது), இரவில் கடல் கடந்த படகு ஒன்று எல்லாம் வந்தன. வாசித்துக் காட்டியபோது எனக்கே கண் கலங்கியது. ஆனால் அது ஒருவருடைய கதையுமல்ல. தீர்ப்பு மறுப்பாக வந்தது. இதே கதையை அவர்கள் அந்தக் கிழமை எத்தனை தடவை வாசித்திருப்பார்களோ!

இப்போது படங்களுக்கு வருகிறேன். மேலே சொன்ன படங்களை எடுத்தவர்களின் தலைக்குள்ளும் அந்த அண்ணை இருக்கிறார். 'டிராகன் போல்' பொடியன் மலைக்காட்டில் வாலோடு வளர்ந்து, அரிசிக் குதிர் போலச் சோறு தின்பவன். சந்தையில் நாய்த்தலையோடு ஒருவர் போனால் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2009இல் ஹொலிவுட்டுக்குப் போன அந்தப் பொடியன் அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் கூச்ச சுபாவமுள்ள மாணவனாக வந்தான். ஏன்? 'பொதுச் சனத்துக்கு விளங்காது.' 'நைட்ஸ் ஒவ் த சோடியாக்' மூலக்கதையில் ஐந்து பொடியன்களின் நட்புத்தான் கதையின் உயிர். படத்திலோ ஒருவனைச் சுற்றியே கதை போகிறது. ஏன்? பொதுச் சனத்துக்கு ஐந்து பேரை நினைவு வைத்திருக்க முடியாதாம்.

'கோஸ்ட் இன் த ஷெல்' பார்த்தபோது நான் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1995இல் வந்த அனிமேயில் நாயகி 'நான் என்பது எது' என்று கேட்கிறாள். அதற்குப் படம் பதில் சொல்லி முடிக்கவில்லை. 2017 படம் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு அவளுக்கு ஒரு கடந்தகாலத்தைக் கொடுக்கிறது. தன் பெற்றோர் இந்த நாட்டுக்கு வரும்போது படகு மூழ்கிச் செத்ததாக அவள் நம்புகிறாள். பிறகு பார்த்தால் அந்தப் படகுக் கதை நிறுவனமொன்று அவள் மூளையில் எழுதிவைத்த பொய். அவள் உண்மையில் ஒரு ஜப்பானியப் பெண். அட, எனக்குக் கேஸ் எழுதிய அண்ணையே ஹொலிவுட்டுக்கும் எழுதப்போய்விட்டாரா என்று நினைத்தேன். அதே படகு!

பொதுச் சனம் என்று ஒருவர் எங்குமே இல்லை. அவருக்காக எடுத்த படத்துக்கு அதனால்தான் யாரும் போவதில்லை. மூலத்தை நேசிப்பவர் கோபித்துக்கொண்டு போகமாட்டார். தெரியாதவருக்கோ, ஏற்கனவே நூறு தடவை பார்த்த படம் போலத் தெரிகிறது.

அப்படியானால் மூலத்தில் ஒரு மயிரும் மாறக்கூடாதா? அதுவும் இல்லை. 2019 பெப்ரவரியில் 'நிக்கி லார்சன்' பிரான்ஸில் நிஜ நடிகர்களுடன் வந்தது. நடிகர்கள் பிரெஞ்சுக்காரர், நகைச்சுவை பிரெஞ்சுக்காரருடையது, பெயர்கூட அந்தப் பழைய பொய்ப்பெயர்தான். இயக்கி நடித்த பிலிப் லாஷோ 'கிளப் டொரொத்தே' பார்த்து வளர்ந்தவர். மூலக்கதையை எழுதிய ஹோஜோ ட்சுகாசாவிடம் திரைக்கதையைக் காட்டிச் சம்மதம் வாங்கித்தான் படமெடுத்தார். பிரான்ஸில் சுமார் 16 இலட்சம் பேர் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜப்பானிலும் திரையிட்டார்கள். அவர் உலகத்துக்காக எடுக்கவில்லை. தன்னோடு புதன்கிழமைகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்த பிள்ளைகளுக்காக எடுத்தார். ஊர் மாறலாம், ஊரே இல்லாமல் போனால்தான் பிரச்சினை.

'அலிட்டா' 2019இல் 40 கோடி டொலர் வசூலித்ததே, நெட்பிளிக்ஸில் 2023இல் வந்த 'வன் பீஸ்' வென்றதே என்று மருமகன் குறுக்கே கேட்பான். நல்லது. 'வன் பீஸ்' தொடரை அதன் ஆசிரியர் ஓடா கூடவே நின்று மேற்பார்த்தார். இரப்பர்க் கையை யாரும் வெட்டவில்லை, வைக்கோல் தொப்பிக்கு யாரும் வெட்கப்படவில்லை. 'அலிட்டா'வில் அந்தப் பெரிய கண்களை அப்படியே வைத்தார்கள், முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு ஊரே சிரித்தபோதும். 17 கோடி டொலர் செலவு என்பதால் இலாபம் கொழிக்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் இன்றைக்கும் இரண்டாம் பாகம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் கேஸ் என்னவாயிற்று என்று சொல்லாமல் விட்டால் கோபிப்பீர்கள். மேன்முறையீட்டில் நான் என்னுடைய சொந்தக் கதையைச் சொன்னேன். ஜெனரேட்டருக்குப் பிரெஞ்சுச் சொல் மொழிபெயர்ப்பாளருக்கு வரவில்லை. 'மின்சாரம் செய்யும் இயந்திரம்' என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். நீதிபதி ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"அன்றிரவு என்ன படம் ஓடிக்கொண்டிருந்தது?"

'உலகம் சுற்றும் வாலிபன்' என்றேன். எம்.ஜி.ஆர். ஜப்பானுக்குப் போவார், ஒசாகாவில் 1970இல் நடந்த எக்ஸ்போ கண்காட்சியிலேயே எடுத்த காட்சிகள், சனம் அதற்காகவே விடியும்வரை இருந்தது என்றும் சொன்னேன். நீதிபதிக்கு எம்.ஜி.ஆரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் பேனையை எடுத்து எதையோ எழுதினார். மூன்று கிழமையில் எனக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்தது.

வெள்ளைக்காரனுக்கு விளங்கியது. விளங்காது என்று முடிவெடுத்தது நாங்கள்தான்.

அண்ணை எழுதித் தந்த பழைய கேஸின் போட்டோக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. எரிந்த வீடு, இறந்த தம்பி, படகு எல்லாம் தயாராக இருக்கின்றன. ஹொலிவுட்டிலிருந்து யாராவது வந்து கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவேன். மற்றக் கதையைக் கேட்டு வருபவரிடம் மட்டும் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: உங்களுக்கு ஜெனரேட்டர் ஸ்டார்ட் பண்ணத் தெரியுமா?